மூன்று கணவாய், ஒரு கயிறு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வலது கால் இனி எந்த பிரேக்கையும் மிதிக்காமல் போகட்டும். சாதாரணக் கால் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்து நாலு வருடம் அந்தக் காலால்தான் குடும்பம் சாப்பிட்டது. வாகனச் சோதனை நிலையத்தில் பிரேக் பார்ப்பது என் வேலை. லாரியோ, பஸ்ஸோ, பள்ளிக்கூட வேனோ, ஏறி உட்காருவேன், முற்றத்தில் ஐம்பதடி ஓட்டுவேன், ஒரே மிதி. நின்றால் பச்சைச் சீட்டு, நிற்காவிட்டால் சிவப்புச் சீட்டு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது சிவப்புச் சீட்டுக் கட்டு ஒன்று சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. அது திருட்டில் சேராது, மறதியில் சேரும்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லக் காரணம், நடந்ததை என் வீட்டில் யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களோடு மல்லுக்கட்டும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம், நிலையத்தின் பின்பக்கம் புல் முளைத்துக் கிடந்த ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து வீட்டு முன்கொட்டகையில் நிறுத்தினேன். பதினொரு வருடமாக அங்கேதான் இருந்தது. அமைதியான வண்டி. அதன் சத்தம் தொந்தரவு என்று தெருவில் ஒருவர்கூட வாய் திறந்ததில்லை.

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் மகனும் மருமகளும். ஒன்றில் பேத்திகள் இரண்டு பேரும் அவர்களுடைய கீபோர்டும். மூன்றாவதில் நானும் என் மனைவியும் அவளுடைய தையல் மெஷினும், இஸ்திரி போட வேண்டிய துணிக் குவியலும். மீதி இருக்கும் இடத்துக்கு ஹால் என்று பெயர். அங்கே போய் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது துடைப்பத்தோடு வந்து காலைத் தூக்கச் சொல்வார்கள். அதனால் மத்தியானம் மூன்று மணி ஆனால் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யாரும் காலைத் தூக்கச் சொல்லாத இடம் எனக்கு உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

இந்த நிலையில் மகன் புதுக் கார் வாங்கினான். வாங்கிய வாரமே சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தான்.

“அப்பா, கொட்டகை வேணும்.”

“எடுத்துக்கோ. ஜீப்புக்குப் பக்கத்துல நிறுத்து.”

“ரெண்டு வண்டிக்கு அங்க இடம் எங்கப்பா இருக்கு? பழைய இரும்பு எடுக்கிறவர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை காலையில வந்து தூக்கிட்டுப் போயிருவார்.”

“உயிரோட இருக்கிற வண்டியைத் தூக்க அவர் யாரு?”

“உயிரோடவா?” என்றாள் மருமகள். கெட்டவள் இல்லை. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம். “மாமா, அது நகர்ந்து நான் பார்த்ததே இல்லையே.”

“நீ வேலைக்குப் போற நேரத்துல நகரும்.”

“எதுவரைக்கும்?”

“மலை வரைக்கும்.”

பேத்திகள் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு மேலே வரிசையாக மூன்று கணவாய்கள். ஒன்றைவிட ஒன்று உயரம். மூன்றையும் தாண்டினால் பாதை ஒரு பெரிய வட்டம் போட்டு, பள்ளத்தாக்கு வழியாக ஊருக்கே திரும்ப இறங்கும். அந்த வட்டத்தைத் தனியாகச் சுற்றி வருகிறேன், மலையிலேயே கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. முட்டிக்கால் இரண்டும் மேஜைக்கு அடியில் ஆட்சேபம் தெரிவித்தன.

மகன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“சரிப்பா. தனியாப் போங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாசலுக்கு வந்து நில்லுங்க. யாரும் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. அப்படி வந்துட்டா ஜீப் கொட்டகையிலேயே இருக்கட்டும், என் கார் தெருவுல காயட்டும். கயித்தைக் கண்டா, திங்கக்கிழமை இரும்புக்காரர் வருவார். சம்மதமா?”

“எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தான். கொடுக்கும்போது மருமகளைப் பார்த்துச் சிரித்தான். எதற்கு அந்தச் சிரிப்பு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். நாற்பத்தாறு வருடத்தில் என் கதை எதையும் அவள் குறுக்கே பேசித் தடுத்ததில்லை. பாதியில் எழுந்து போயிருக்கிறாள், அது வேறு. புதன்கிழமை விடிந்ததும் கூடாரம், இரண்டு கம்பளி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பானை, மூன்று கிலோ உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். ஜீப்பின் முன்பக்கப் பானட்டைத் தூக்கி உள்ளே அடுக்கினாள். அந்தக் காலத்து வண்டிகளில் அங்கே நல்ல இடம் உண்டு.

“முட்டி வலி மாத்திரையை மட்டும் கையில வச்சுக்கோங்க,” என்றாள். “எங்க தூங்குவீங்க?”

“கூடாரத்துல.”

“குனிஞ்சு உள்ள போயிருவீங்க. எப்படி எழுந்து வெளிய வருவீங்க?”

அது எனக்குத் தோன்றவில்லை. யோசித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். எங்கள் வாசலில் தெரு நல்ல இறக்கம். ஹேண்ட்பிரேக்கை எடுத்தேன். வண்டி கிளம்பியது. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகன் பிரஷை வாயிலேயே விட்டுவிட்டு நின்றான்.

தெரு முடியும் இடத்தில் தார் முடிகிறது. தார் முடிந்தால் மலை.

அலுப்பு வயதால் வருகிறது என்று சொல்கிறார்கள். உயரத்தால் வருகிறது. ஏற ஏற எல்லாமே அலுத்துப்போகும். மைல்கற்கள்கூட அங்கே சாய்ந்து படுத்திருந்தன. ஒரு கல்லில் பன்னிரண்டு என்று இருந்தது. அடுத்ததில் ‘சுமார் பதின்மூன்று’ என்று இருந்தது. அதற்கடுத்த கல்லில் ஒன்றுமே இல்லை. எழுத வந்தவர் அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

முதல் கணவாய்க்கு நாற்பத்தேழு வளைவுகள். முப்பத்தெட்டாவது வளைவில் எனக்கு முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. அதன் இடதுபக்கப் பின்விளக்கு எரியவில்லை. பழக்கதோஷம், சும்மா விட முடியவில்லை. ஹாரன் அடித்தேன். அவனும் அடித்தான். நிறுத்தி இறங்கினேன். அவனும் நின்றான். சிவப்புச் சீட்டு எழுதி, போய் அவன் பின்பக்கம் ஒட்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்து என் வண்டியில் ஏறினேன். கொஞ்சம் அதிகமாகவே நடந்தது போல் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்து பார்த்தால் சீட்டு என் ஜீப்பின் பின்னால் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவு அவ்வளவு இறுக்கம். விளக்கைச் சரிசெய்துவிட்டு, சீட்டை மட்டும் கிழிக்காமல் விட்டேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் கணவாயின் உச்சியில் கூடாரம் போட்டேன். பாறைத் தரையில் முளை இறங்கவில்லை. நாலு மூலைக் கயிற்றையும் ஜீப்பின் முன்பக்கத்தில் முடிந்தேன். இது கூடாரக் கயிறு. மகன் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து ஒருதடவை படித்துப் பார்த்துக்கொண்டுதான் முடிந்தேன். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதிப்பில் சூடு இருக்காது. மூன்று மணி நேரம் கொதித்தது. தண்ணீர் அலுத்துப்போனது, அடுப்பு அலுத்துப்போனது, கிழங்கு மட்டும் கடையில் வாங்கியபடியே இருந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

விடியும்போது காற்று எழுந்தது. கூடாரம் அப்படியே மேலே கிளம்பியது. அதோடு கட்டியிருந்த ஜீப்பின் முன்பக்கமும் நாலடி தூக்கிக்கொண்டது. நான் தரையில் கம்பளிக்குள் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். மனைவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: நான் கூடாரத்தை விட்டு வெளியே வர வேண்டியதில்லை, கூடாரமே என்னை விட்டு வெளியே போய்விடும். முன்பக்கம் தூக்கியிருந்தது ஒருவிதத்தில் வசதி. படுத்த வாக்கிலேயே முன்சக்கர பிரேக் இரண்டையும் பார்த்து முடித்தேன். சுத்தமாக இருந்தன. காற்று அடங்கியதும் வண்டி இறங்கியது. நான் எழுந்திருக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை இரண்டாவது கணவாய். அங்கே பாதையை மறித்து ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் சேர்த்தால் என்ன அளவோ அந்த அளவு. அதன் காலடியில் சாலைப் பணி ஆட்கள் ஆறு பேர் உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஒரு அம்மாள். கழுத்தில் துண்டு, கையில் ஒரு அளவுகோல், முகத்தில் உலகத்திலுள்ள எல்லாச் சாலைகளின் அலுப்பும்.

“பெரியவரே, தனியாவா வந்தீங்க?”

“ஏம்மா, வண்டியும் வந்திருக்கே.”

“திரும்பிப் போங்க. இதை உடைக்க நாலு மாசம் ஆகும். பின்னால திருப்ப முடியலேன்னா சொல்லுங்க, கயிறு போட்டு இழுத்துவிடச் சொல்றேன்.”

“அந்த வார்த்தையை என் வண்டிக்குக் கேக்குற மாதிரி சொல்லாதீங்க.”

“எந்த வார்த்தை?”

“நீங்க கடைசியாச் சொன்னதுக்கு மூணு வார்த்தை முன்னாடி.”

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “கயிறா?”

மகன் போட்ட நிபந்தனையைச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்போ மூணாவது கணவாய்ல பாத்துப் போங்க. மேல கொக்கின்னு ஒருத்தன் இருக்கான். சேத்துல மாட்டுன வண்டியை இழுத்துவிடுற லாரி அவனோடது. நீங்க வேணாம்னாலும் மாட்டிருவான். ஏழு மாசமா கீழ இறங்கலை. அவ்வளவு வேலையாம்.”

“எட்டாவது மாசமும் நல்லா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பாறையைச் சுற்றி வந்தேன்.

சோதனை நிலையத்தில் ஒரு வண்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்போம். கட்டையை எடுக்காமல் பத்து பேர் தள்ளினாலும் வண்டி நகராது. புது ஆட்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பாறையின் கீழ்ப்பக்கம் குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, தேங்காய் அளவு ஒரு கல் அடை கொடுத்திருந்தது. அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். பாறை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு பள்ளத்தாக்குப் பக்கமாக உருளத் தொடங்கியது.

ஆறு பேரும் உளியோடு நின்றார்கள்.

“நாலு மாசத்துக்கு வேலை இருந்துச்சு, பெரியவரே,” என்றார் மேஸ்திரி அம்மாள் மெதுவாக. “போங்க. வழி திறந்திருக்கு.”

நல்லது செய்துவிட்டுத் திட்டு வாங்குவது எனக்கு வீட்டிலேயே பழகிப்போனது. கிளம்பினேன்.

மூன்றாவது கணவாயைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. அதிகம் நினைவில்லை. அங்கே காற்றுக்கே மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமை முழுவதும் முதல் கியரிலேயே ஏறினேன். என் நிழல் பாதி வழியில் பின்தங்கிவிட்டது, சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. உச்சிக்கு இருநூறடி இருக்கும்போது பனி உருகிய சேற்றில் நாலு சக்கரமும் அச்சு வரை இறங்கின. அன்று கூடாரம் போடவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே படுத்துவிட்டேன். இந்த மூன்று நாளும் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று யோசித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம். அதற்காக இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஐம்பது வயது இருக்கும், குளிர்த் தொப்பி, தோளில் பனைமரத் தடிமனுக்கு ஒரு கயிற்றுச் சுருள். பின்னால் பத்துச் சக்கர லாரி, முதுகில் இரும்புக் கை, அதன் நுனியில் கொக்கி. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஐயா, மாட்டிரலாமா?”

“தொட்டா கையை உடைச்சிருவேன்.”

“சும்மாதான் இழுத்துவிடுறேன். காசு வேணாம்.”

“சும்மா இழுக்கிறவன்கிட்டதான் தம்பி அதிகமா பயப்படணும்.”

அவர் போகவில்லை. லாரிப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். நான் இறங்கினேன். நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினேன். சேற்றில் டயர் அகலமாக உட்கார்ந்தால்தான் பிடி கிடைக்கும். பின்சக்கரங்களுக்கு அடியில் சேற்றைக் கையால் வாரினேன், கூடாரத்தை இரண்டாகக் கிழித்து இரண்டு பக்கமும் விரித்தேன். ஒருமுறை குனிவதற்கும் அடுத்தமுறை குனிவதற்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு மாத்திரை. இப்படி நாலு மணி நேரம். பிறகு ஏறி உட்கார்ந்து, வண்டியிடம் பணிவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு கிளட்சை விட்டேன். கூடாரத் துணி மேல் ஏறி, சேற்றை உதறிக்கொண்டு, இருநூறடியும் போய்க் கணவாய் உச்சியில் நின்றது. ஒரு நூல்கூட யாரும் கட்டவில்லை. இனி இறக்கம்தான். ஜீப் என்னுடையது.

கொக்கி லாரியோடு பின்னாலேயே வந்து சேர்ந்தார். கை தட்டினார். அத்தோடு நான் போயிருக்க வேண்டும்.

“தம்பி, லாரியை நிறுத்துனப்போ ஏன் பாறையில போய் இடிச்சு நிறுத்துனீங்க?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அது ஒரு பழக்கம்.”

“இறங்குங்க.”

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பெடல் தரையைப் போய்த் தொட்டது. மறுபடி மிதித்தேன். நனைந்த துணியை மிதிப்பதுபோல் இருந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சிவப்புச் சீட்டு எழுதி நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். “நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?”

“பதினொண்ணு.”

“அப்போ இந்தச் சீட்டு செல்லாதே.”

“செல்லாதுதான். நீங்க செல்லுற பிரேக்கைக் காட்டுங்க, நான் செல்லுற சீட்டைக் காட்டுறேன்.”

அவர் கயிற்றுச் சுருளைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸை இழுத்துவிட மேலே ஏறியிருக்கிறார். ஏறியதும் பிரேக் போய்விட்டது. ஏற்றத்துக்கு பிரேக் வேண்டாம். இறக்கத்துக்கு வேண்டும். சொல்ல வெட்கம். ஊரெல்லாம் இழுத்துவிடுகிறவன், என்னை இறக்கிவிடுங்கள் என்று யாரிடம் கேட்பது.

“வீட்ல கேட்டா நிறைய வேலைன்னு சொல்லிட்டிருக்கேன்,” என்றார். “மக போன மாசம் பேசுறப்போ, அப்பா உங்க குரல் எப்படி இருக்கும்னு மறந்துருச்சுன்னு சொன்னா. போன்லதான் பேசிட்டிருக்கோம், அப்பவும் அப்படிச் சொல்றா.”

எனக்கு வழி தெரிந்திருந்தது. அதுதான் சங்கடம். பிரேக் இல்லாத வண்டியை மலையில் இறக்க ஒரே வழி, அது முன்னால் போக, பிரேக் உள்ள வண்டி ஒன்று பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே வருவது. அந்த மலை முழுவதும் பிரேக் உள்ள வண்டி ஒன்றே ஒன்றுதான்.

மகன் எழுதிய காகிதத்தை எடுத்தேன். ‘யாரும் கயிறு கட்டி இழுக்கக்கூடாது.’ நான்தான் பிடிக்கப்போகிறேன், யாரும் என்னை இழுக்கப்போவதில்லை. ஆனால் பார்க்கிறவனுக்குக் கயிறு கயிறுதான். முன்னால் லாரி, பின்னால் ஜீப், நடுவில் கயிறு. எந்தத் தெருவில் நிறுத்தி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

“தெருமுனையில அவிழ்த்துவிட்டுரலாம்,” என்றார் கொக்கி. “அங்கிருந்து நீங்க தனியாப் போங்க. யாருக்கும் தெரியாது.”

“சத்தியமா அவிழ்ப்பீங்களா?”

“என் லாரி மேல சத்தியம்.”

“பிரேக் இருக்கிற வேற எது மேலயாவது பண்ணுங்க.”

மகள் மேல் பண்ணினார். கட்டினோம்.

இறக்கம் ஒன்றரை நாள். லாரியின் பன்னிரண்டு டன்னும் என் வலது காலில் தொங்கியது. முதல் ஐந்து மணி நேரம் வலித்தது. பிறகு கால் தூங்கிவிட்டது, நான் விழித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளத்தாக்குப் பாதையில் வியாழக்கிழமைப் பாறையை எட்டிப் பிடித்தோம். இன்னும் உருண்டுகொண்டுதான் இருந்தது, பாவம். அதற்கும் பிரேக் கிடையாது. முந்தும்போது ஒரு சிவப்புச் சீட்டை நீட்டி அதன் மேல் ஒட்டினேன். அதன் பிறகு இடம் மாறிக்கொண்டோம்: கால் விழித்துக்கொண்டது, நான் தூங்கிவிட்டேன்.

கீபோர்ட் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். பேத்திகள் வாசிக்கும் அந்த ஒரே பாட்டு. கண்ணைத் திறந்தால் என் வீட்டு வாசல். முன்னால் மேட்டில் லாரி, எங்கள் காம்பவுண்ட் சுவரில் மெதுவாக இடித்து நின்றிருந்தது. நடுவில் கயிறு. மாடியில் மருமகள், வாசலில் மகன், தெருவில் முக்கால்வாசித் தெரு. மணி நாலு.

மகன் கொக்கியிடம் போனான்.

“யார் யாரை இழுத்துட்டு வந்தது?”

“இழுக்கலை தம்பி. ஐயா பின்னாடியிருந்து பிடிச்சுக்கிட்டே வந்தாரு.”

“கயிறு யாரோடது?”

“என்னோடது.”

“முன்னாடி வந்தது யாரு?”

“நான்தான்.”

“பின்னாடி அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?”

கொக்கி நேர்மையானவர். அதுதான் தொல்லை. “தூங்கிட்டிருந்தாரு,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெருமுனையில நிறுத்தி வந்து பார்த்தேங்கய்யா. அப்படி அசந்து தூங்குனீங்க. எழுப்ப மனசு வரலை.”

தெருமுனையிலிருந்து வாசல் வரை ஏற்றம். அங்கே கயிறு தொய்ந்திருந்ததா, இறுகியிருந்ததா என்று மகன் கேட்டான். தூங்கிக்கொண்டிருந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது. கொக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும், மகளுக்குக் குரலை ஞாபகப்படுத்த வேண்டும்.

மகன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையைக் கொடுத்து என்னை இறக்கினான். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

“கயிறுப்பா,” என்றான்.

“கயிறுதான்,” என்றேன்.

மனைவி வந்து பானட்டைத் திறந்து சாமான்களை எடுத்தாள். கூடாரம் எங்கே என்று கேட்கவில்லை. பானையை எட்டிப் பார்த்தாள்.

“சாப்பிடவே இல்லையா?”

“கிழங்கு வேகலை.”

“வாங்க. இங்க வேகும்.”

திங்கள் காலை ஒன்பது மணிக்கு இரும்புக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கொட்டகை ஓரமாக நின்று, நகத்தைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கடைசியில் கேட்டார்.

“பெரியவரே, இறங்குறீங்களா?”

“போற வழியில இறக்கம் வந்தா பயப்படாதீங்க. பிரேக் நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இரண்டு ஆட்களும் ஆளுக்கு ஒரு கையால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்போது மூன்று மணி ஆனால் மகன் தன் காரின் சாவியை எடுத்துத் தருகிறான், போய் உட்காருங்கள் என்று. நல்ல கார்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும்.

இந்தக் கதையை நம்பாதவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். ஜீப்பை எடுத்துக்கொண்டதற்கு இரும்புக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை ஆதாரத்துக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: ஜீப் ஒன்று, சக்கரம் நான்கு, இன்ஜின் இல்லை.